வெள்ளத்தில் நின்ற காடி: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ஜொகூரில் எங்கள் லாபிஸ் பக்கம் வெள்ளம் புதிதல்ல. 2006 டிசம்பரில் தொடங்கி 2007 சனவரி வரை, பிறகு 2011 சனவரி, பிறகு 2023 மார்ச் என்று சிகாமட் வட்டாரம் தண்ணீரில் நின்ற நாள்களை இங்குள்ளவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். 2023இல் பத்து பகாட் பக்கம் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவே இல்லை. மழை விட்டு, செம்பனைத் தோட்டத்துச் சடக்கில் சேறு காய ஆரம்பித்ததும் பட்டறை வாசலில் காடிகள் வந்து நிற்கும். பாதி, கயிறு கட்டி இழுத்து வந்தவை. மீதி, "ஸ்டார்ட் ஆயிருச்சிண்ணே, ஓட்டியே வந்துட்டேன்" என்று சந்தோஷமாகக் கொண்டு வந்தவை. இரண்டாவது ரகத்தைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்கும்.

காரணம் இதுதான். வயரும் சாக்கெட்டும் வெறுமனே நனைந்தால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். நனைந்த சாக்கெட்டில் 12 வோல்ட் நின்றால், முலாம் பூசும் தொட்டியில் நடப்பதே அங்கேயும் நடக்கும்: சாக்கெட்டின் முள்ளில் (பின்) உள்ள செம்பு கரைந்து வெளியேறும். மாதக்கணக்கில் ஆக வேண்டிய அரிப்பு சில நாளில் முடிந்துவிடும். அதனால் தண்ணீர் ஏறிய காடியில் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். முதலில் 10 நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாமல் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலோ, என்ஜின் ஆயில் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலோ என்ஜின் வேலையை முதலில் முடிக்க வேண்டும். சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அது தனிக் கதை. இங்கே நான் பேசுவது உள்கூடும் மின்சாரமும்.

இத்தனை வெள்ளத்துக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: எந்த எலக்ட்ரானிக் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்னாலும் கார்பெட்டைத் தூக்க வேண்டும், எர்த் போல்ட்டை, அதாவது வயர்களைப் பாடி உலோகத்தோடு சேர்க்கும் போல்ட்டை, தேய்க்க வேண்டும். பெட்டி போய்விட்டது என்று என்னிடம் வந்த பல வண்டிகளில் பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

கழற்றத் தொடங்கும் முன்

காடியைக் கொண்டுவருபவரிடம் நான் முதலில் கேட்பது, "பிள்ளையார் நனைஞ்சாரா?" என்றுதான். டேஷ்போர்டு மேல் பிள்ளையார் இல்லாத தமிழர் காடி எங்கள் பக்கம் குறைவு. அவர் நனைந்திருந்தால் மீட்டர், ரேடியோ, ஏசி பெட்டி, ஸ்டீயரிங்கில் உள்ள ஏர்பேக் எல்லாம் நனைந்திருக்கும். அந்த வண்டியைச் சரி செய்யும் செலவு வண்டியின் விலையையே நெருங்கிவிடும். நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சீட்டின் உட்காரும் பகுதி வரை ஏறியிருந்தால் யோசித்துச் செய்யலாம். தரையில் கணுக்கால் அளவு நின்றிருந்தால் கண்டிப்பாகக் காப்பாற்றலாம்.

முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேனே, வெள்ளமும் அதில் வருமே என்று நம்பியிருப்பவர்கள் நிறையப் பேர். மலேசியாவில் வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது. ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் பிரிவுக்குத் தனியாகக் காசு கட்டியிருந்தால்தான் உண்டு. அந்தப் பிரிவு இருக்கிறதென்றால் எதையும் கழற்றாதீர்கள். தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்து, போலீஸ் ரிப்போர்ட் செய்து, காப்புறுதிக்காரர் வந்து பார்க்கும்வரை பொறுங்கள்.

என்ன தண்ணீர் ஏறியது என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் ஆற்றுத் தண்ணீரும் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீரும்தான்; சேறு அதிகம், உப்பு இல்லை. கேரித் தீவு போன்ற கடலோரத் தோட்டங்களில் உவர்நீர் ஏறியிருந்தால் சேதம் பல மடங்கு. தரை மட்டும் நனைந்திருந்தாலும், சீட் வரை நனைந்த வண்டியாகவே கணக்கு வையுங்கள்.

ரப்பர் கையுறை போடாமல் உள்ளே கை விடாதீர்கள். வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், கையில் சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் வரலாம். சீட்டுக்கு அடியில் கை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீருக்குத் தப்பி வந்த பாம்பு அங்கே சுருண்டு கிடக்கக்கூடும்.

ஹைப்ரிட் வண்டி, மின்சார வண்டி என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆரஞ்சு நிற வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் மட்டும் தொட வேண்டிய வேலை அது.

கார்பெட் வெளியே வந்தாக வேண்டும்

மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். அதை நம்பாதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தடித்த பஞ்சும் ஸ்பாஞ்சும்தான் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ஒரு சின்னக் காடியின் கார்பெட்டைப் பிழிந்தாலே வாளிக்கணக்கில் வரும். மலேசியக் காற்றே ஈரக் காற்று. சன்னலை இறக்கி வெயிலில் நிறுத்தினால் மேல்துணி காயும், பஞ்சு காயாது. மதியத்துக்கு மேல் மழை வந்தால் அதுவும் போச்சு. இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும்.

பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடமாவது ஆன பிறகு சீட்டில் கை வையுங்கள். முன் சீட்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட். எங்கள் பக்கம் ஓடும் சின்னக் காடிகளில் பெரும்பாலும் 14 நம்பர். போல்ட்டை எடுத்ததும் சீட்டைத் தூக்கிவிடாதீர்கள், பின்பக்கம் சாய்த்து அடியைப் பாருங்கள். மஞ்சள் நிறச் சாக்கெட் இருந்தால் அது ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட் இழுவைக்கோ போவது. பூட்டை மெதுவாக அழுத்திக் கழற்றுங்கள், இழுக்காதீர்கள். சீட் வெளியே இருக்கும்போது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு வந்து நின்றுவிடும், அதையும் நினைவில் வையுங்கள். பிறகு கதவுப் படியில் உள்ள பிளாஸ்டிக், நடுக் கன்சோல், கால் வைக்கும் மூலைகளில் உள்ள மூடி என்று வரிசையாக எடுத்தால் கார்பெட் ஒரே துண்டாக வெளியே வரும்.

முதலில் கழுவுங்கள், பிறகு காய வையுங்கள். சேற்றோடு காய்ந்துவிட்டால் அந்தச் சேறு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நாற்றமும் போகாது. கார்பெட்டைக் கவிழ்த்துப் போட்டு, பஞ்சுப் பக்கம் தெளிந்த தண்ணீர் வரும்வரை அடித்துக் கழுவி, வேலியிலோ கூரைக்கு அடியிலோ பஞ்சுப் பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். மழைக்காலமென்றால் ஒரு வாரம். காய்ந்ததா என்று பார்க்க பழைய நாளிதழை நாலாக மடித்துப் பஞ்சில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் தாள் மொடமொடவென்று இருந்தால் சரி.

தரையில் ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவற்றைப் பிடுங்கினால் தேங்கிய தண்ணீர் இறங்கும். ஸ்பேர் டயர் குழியையும் மறக்காதீர்கள். அங்கே இறங்கும் தண்ணீர் மாதக்கணக்கில் நின்று வண்டி முழுக்க ஈரம் பரப்பும்.

கதவுப் படியை ஒட்டி முன்னிருந்து பின்னால் போகும் வயர்க் கட்டைப் பாருங்கள். அதன் மேல் சுற்றிய கறுப்பு டேப்புக்குள் சேறும் தண்ணீரும் இருக்கும். டேப்பைப் பிரித்து (பிளேடால் கீறும்போது வயர் தோல் படாமல் கவனம்), நல்ல தண்ணீரால் கழுவி, காற்றாடி வைத்துக் காய விடுங்கள். வழியில் வரும் ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றுங்கள். சேறு இருந்தால் முதலில் சுத்தத் தண்ணீர், அதன் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காய்ந்த பின் கான்டாக்ட் கிளீனர். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அடித்து விட்டுவிடுகிறார்கள். அது தண்ணீரைத் தள்ளும், உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் படலம் நின்று தூசியைப் பிடிக்கும். அடித்தால் மேலே கான்டாக்ட் கிளீனரால் கழுவிவிடுங்கள். தலைமுடி காய வைக்கும் டிரையர் குறைந்த சூட்டில் போதும். பெயின்ட் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கி சாக்கெட்டையே உருக்கிவிடும்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் பல்பைக் கட்டுங்கள். கதவெல்லாம் சாத்தி, சாவி இல்லாமல் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. மங்கலாக எரிந்து அணைந்தால் மாட்டலாம். இந்த ஒரு பல்பு பல வண்டிகளின் வயரிங்கைக் காப்பாற்றியிருக்கிறது.

கார்பெட்டை உடனே திரும்பப் போடாதீர்கள். சீட்டை மட்டும் மாட்டி, கீழே வரும் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் இரண்டு தடவை கழற்ற வேண்டி வரும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்ட பிறகே மேற்கொண்டு பேச்சு. பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால், ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை என்ஜின் உலோகத்திலும் பிடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் என்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் பட்டை அரித்திருக்கிறது. அது நன்றாக இருந்தால் ஸ்டார்ட்டர் ரிலே, அதற்கு அடுத்து ஸ்டார்ட்டர். பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் தாழ்வான இடத்தில் இருப்பதால் உள்ளே சேறு போய்விடும். கழற்றித் திறந்து கழுவினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு வினாடி 'ம்ம்' என்ற சத்தம் வர வேண்டும். அது பெட்ரோல் பம்ப். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு பின் சீட்டைத் தூக்கி பம்ப்பின் சாக்கெட். பல காடிகளில் இந்தச் சாக்கெட் இருப்பது தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்தான். சத்தம் வருகிறது, டேஷ்போர்டு மீட்டரில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியைப் படிக்கவில்லை. சாவியே தண்ணீரில் கிடந்ததா என்று முதலில் கேளுங்கள். இன்னொரு சாவியில் முயன்று பாருங்கள்.

பிரேக்கை மிதித்தால் சிக்னல் எரிகிறது, மீட்டர் மங்குகிறது

வெள்ளம் பட்ட வண்டியில் அதிகம் ஏமாற்றும் கோளாறு இது. ஒன்றைத் தொட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று அசையும். வயரிங் முழுக்கப் போய்விட்டது, பெட்டி போய்விட்டது என்றெல்லாம் பயமுறுத்துவார்கள். நடப்பது இதுதான்: ஒவ்வொரு விளக்கும் வேலை முடிந்த மின்சாரத்தை எர்த் வழியாகப் பாடிக்கு அனுப்ப வேண்டும். எர்த் போல்ட்டில் களிம்பு ஏறி வழி அடைத்தால் மின்சாரம் பக்கத்து விளக்கின் வயர் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். அதனால்தான் பிரேக் விளக்கோடு சிக்னலும் சேர்ந்து எரிகிறது.

2023 வெள்ளத்துக்கு இரண்டு மாதம் கழித்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பழைய மைவி காடியைக் கொண்டுவந்தார். பிரேக் மிதித்தால் மீட்டர் விளக்கு மங்கும், சிக்னல் வேகமாக அடிக்கும், சில நேரம் என்ஜினே நின்றுவிடும். வேறொரு பட்டறையில் என்ஜின் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொல்லியிருந்தார்கள். "தீபாவளிக்கு எடுத்து வெச்ச காசுண்ணே, அதை எடுக்கணுமா?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்க டீச்சர், கார்பெட்டைத் தூக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

இடது முன் கதவுப் படியின் உள்பக்கம், கால் வைக்கும் மூலையில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒரு போல்ட். அதில் மூன்று வயர்களின் வளைய முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பளபளப்பாகத் தெரிய வேண்டிய இடம் முழுக்கப் பச்சை. பழைய செம்புக் குடத்தின் அடியில் நாள்பட்டுப் பிடிக்குமே, அதே களிம்பு. தொட்டால் மாவாக விரலில் ஒட்டியது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை அந்த வளையத்திலும் வைத்தேன். 1.9 வோல்ட். எர்த்தில் அது 0.1க்கு மேல் போகக் கூடாது. போல்ட்டைத் திறக்கும்போது அது கிறீச்சென்று கத்தியது. வளையங்களைப் பிரித்து, கம்பி பிரஷால் இரண்டு பக்கமும் மினுங்கும்வரை தேய்த்து, அடியில் பாடியின் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வைத்து, மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மறுபடி அளந்தால் 0.04. என்ஜின் நிற்பதும் அதோடு போயிற்று. அந்த மூன்று வயர்களில் ஒன்று என்ஜின் கம்ப்யூட்டரின் எர்த்.

வேலை முக்கால் மணி நேரம். டீச்சர் அந்தப் பச்சை மாவைத் தாளில் வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுபோனார், பிள்ளைகளுக்குக் காட்ட.

நீங்கள் செய்யும்போது வண்டியில் உள்ள எல்லா எர்த்தையும் தேடுங்கள்: இரண்டு கால் மூலைகள், முன் சீட்டுக்கு அடி, பின் விளக்குக்குப் பக்கம், பேட்டரிக்கு அடியில் பாடியில் சேரும் இடம். விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும். மின்சாரம் ஓடாத எர்த் எவ்வளவு அரித்திருந்தாலும் மீட்டரில் நல்லதாகவே காட்டும்.

வளையத்தை அழுத்திய இடத்தில் வயருக்குள்ளேயும் பச்சை ஏறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. வயரைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால், பளபளப்பு வரும்வரை வெட்டிப் புது முனை போடுங்கள்.

காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது

எங்கோ மின்சாரம் கசிகிறது. பேனட்டைத் திறந்து வைத்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் மூடி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்ப வையுங்கள். நெகட்டிவைக் கழற்றி, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, பேட்டரி முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் மீட்டரை இணைத்து அரை மணி நேரம் விடுங்கள். முதலில் அதிகமாகக் காட்டும், பெட்டிகள் தூங்கிய பின் இறங்கும். 50 மில்லிஆம்பியருக்குக் கீழே வந்தால் பிரச்சினை இல்லை. அரை ஆம்பியரில் நின்றுவிட்டால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் முழுக்கக் காலி. பழைய பேட்டரி என்றால் ஒரே ராத்திரி. மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும்.

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மாட்டுங்கள். எதை எடுத்ததும் எண் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. வெள்ளம் பட்ட வண்டியில் அடிக்கடி மாட்டுவது, சேறு அடைத்து அழுந்தியபடியே நிற்கும் கதவு சுவிட்ச், சென்ட்ரல் லாக், பின்னால் யாரோ சேர்த்துப் போட்ட ரேடியோ ஆம்ப்ளிஃபையர். எந்த ஃபியூஸை எடுத்தும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், டையோடு கசியலாம்.

ஹாரன் தானாக அடிக்கிறது, கதவு தானாக லாக் ஆகிறது, வைப்பர் நிற்கவில்லை

சுவிட்ச்சுக்குள் தண்ணீர், அல்லது பாடி கன்ட்ரோல் பெட்டிக்குள் தண்ணீர். பல வண்டிகளில் அந்தப் பெட்டி டிரைவர் முழங்காலுக்கு மேலே ஃபியூஸ் பெட்டியை ஒட்டியே இருக்கும். பேட்டரியைக் கழற்றி, பெட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளை, பச்சைப் படிவு மட்டும் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மிருதுவான பல் துலக்கும் பிரஷும் போதும்; துலக்கி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். செம்புக் கோடே அறுந்து கறுத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றுப் பெட்டி வாங்கும்போது பாகத்தின் எண் அட்சரம் பிசகாமல் பொருந்த வேண்டும். சில பெட்டிகளை வண்டியோடு கம்ப்யூட்டர் வைத்துப் பதிவு செய்தால்தான் வேலை செய்யும், வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது

10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியர் போட்டுச் சமாளிக்காதீர்கள். அடுத்து எரிவது வயர். அந்த ஃபியூஸில் வரும் சாமான் ஒவ்வொன்றின் சாக்கெட்டையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் எரிகிறதோ அதுதான்.

கண்ணாடி இறங்குகிறது, ஏறவில்லை

முதலில் கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளைக் குச்சியால் குத்துங்கள். சேறு அடைத்துக் கதவுக்குள் இன்னும் தண்ணீர் நிற்கலாம். பிறகு கைப்பிடி சுவிட்ச்சைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகே மோட்டார்.

ஏர்பேக் விளக்கு அணையவில்லை

இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஏர்பேக் பெட்டி பெரும்பாலும் நடுக் கன்சோலுக்கு அடியில், தரையில்தான் இருக்கும். கணுக்கால் தண்ணீரே அதை நனைக்கும். கழற்றாதீர்கள், திறக்காதீர்கள், மஞ்சள் சாக்கெட்டில் மல்டிமீட்டர் முனையை வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே வெடிக்க வைக்கக்கூடும். நனைந்த பெட்டி, நனைந்த ஏர்பேக், நனைந்த சீட் பெல்ட் இழுவை மூன்றையும் காய வைத்துத் திரும்பப் போடக் கூடாது, புதிது போட வேண்டும். டேஷ்போர்டு மீட்டரில் பல்பைக் கழற்றி விளக்கை மறைத்து விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டில் நாளைக்கு ஒரு பிள்ளை உட்காரும். தயவு செய்து செய்யாதீர்கள்.

சீட் பெல்ட் துணியைக் கடைசி வரை இழுத்து மென்மையான சோப்பால் கழுவி நிழலில் காய விடுங்கள். குளோராக்ஸ் வகைச் சலவை மருந்து நூலை பலவீனமாக்கும்.

ஏபிஎஸ், என்ஜின் விளக்குகள் சேர்ந்து எரிகின்றன

சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள வேக சென்சாரின் சாக்கெட்டைக் கழுவுவதிலேயே பாதி தீர்ந்துவிடும். ஸ்கேனர் போட்டால் யூ (U) எழுத்தில் தொடங்கும் பிழைகள் வருகின்றனவா என்று பாருங்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று அர்த்தம். புது வண்டிகளில், பேட்டரி கழற்றிய நிலையில், ஸ்கேனர் மாட்டும் 16 பின் ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவில் ஓம் அளந்தால் 60 காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. பெரும்பாலும் கார்பெட்டுக்கு அடியில் நனைந்த ஒரு சாக்கெட்டில்.

எல்லாம் காய்ந்த பிறகும் இடது முன்பக்கம் நனைகிறது

வெள்ளத் தண்ணீர் அல்ல, ஏசி தண்ணீர். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள குளிர் பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதில் சேறு அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் போய் அந்தக் குழாயில் மெல்லிய கம்பியை மெதுவாக விட்டுக் குத்தினால், தேங்கியதெல்லாம் சளசளவென்று கொட்டும். ஏசி ஓடும் காடியின் அடியில் சொட்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஃபேன் கறகறவென்றால் அதே இடத்தில் புளோவரைக் கழற்றிச் சேறு எடுங்கள்; கேபின் ஃபில்டரைக் கண்டிப்பாகப் புதிது போடுங்கள்.

நாற்றம் போகவில்லை, காலையில் கண்ணாடி உள்ளே பனிக்கிறது

எங்கோ இன்னும் ஈரம் இருக்கிறது. பண்டான் இலை, கோப்பித்தூள், சாம்பிராணிப் புகை எல்லாம் நாற்றத்தை மூடும், ஈரத்தை எடுக்காது. சீட்டின் ஸ்பாஞ்ச், ஸ்பேர் டயர் குழி, பின் சீட்டுக்கு அடி மூன்றையும் பாருங்கள். சீட்டின் ஸ்பாஞ்ச் நனைந்திருந்தால் உறையைக் கழற்றித் தனியாகக் கழுவிக் காய வைக்க வேண்டும். பூசணம் பிடித்த இடத்தை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு. யாரிடமாவது வீட்டு டிஹியுமிடிஃபையர் இருந்தால் இரவல் வாங்கி, கண்ணாடியைச் சாத்தி ஒரு ராத்திரி உள்ளே ஓட விடுங்கள். காலையில் தொட்டியில் நிற்கும் தண்ணீர் அளவே, கார்பெட் போட இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

கார்பெட் போட்டு முடித்ததும் தேதியை எழுதி வையுங்கள். களிம்பு வளரச் சில மாதம் எடுக்கும். மார்ச்சில் தண்ணீர் ஏறிய காடி என்றால், தீபாவளிக்குக் கழுவும் நாளில் இரண்டு கதவுப் படிப் பிளாஸ்டிக்கையும் தூக்கி, எர்த் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அன்றைக்கே தேயுங்கள்.